காரணம் எதைச் சாரும்? காப்பி எடிட்டர் மேசையில் 'டியூ டு'

ஆங்கிலத்தில் காரணம் சுட்டும் தொடர்கள் பல இருப்பினும், அலுவலகச் சுற்றறிக்கை முதல் ஆய்விதழ்க் கட்டுரை வரை எல்லா வகை எழுத்திலும் தடையின்றி நுழைந்துவிடுவது 'டியூ டு' என்னும் தொடரே ஆகும். 'மழை காரணமாக', 'உடல்நலக் குறைவால்', 'பராமரிப்புப் பணியை முன்னிட்டு' எனத் தமிழில் வெவ்வேறு வடிவம் பெறும் அனைத்தையும் இந்த இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிடலாம் என்பதால் எழுதுபவருக்கு அது வசதியாக இருக்கிறது. அந்த வசதியே, அத்தொடர் வாக்கியத்தின் எப்பகுதியோடு சேர்கிறது என்று பாராமல் எழுதவும் இடம் தருகிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் அயல்நாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களைச் செம்மையாக்கும் நிறுவனங்களில் பயிற்சிக்குச் சேர்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் விதிகளுள் இத்தொடர் பற்றியதும் ஒன்று. அவ்விதியின் இலக்கண வலிமை கடந்த நூறாண்டில் பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆயினும் அது எழுப்பும் கேள்வி தளரவில்லை என்பதும், மருத்துவ எழுத்தில் அக்கேள்வியின் விடை ஒருவர் எதனால் இறந்தார் என்று அரசுப் பதிவேட்டில் எழுதப்படும் வரை செல்கிறது என்பதும் இத்தொழிலில் நெடுநாள் இருந்தவர்கள் அறிந்தவை. அந்தப் பட்டறிவை ஒழுங்குபடுத்திக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேசையின் வேலை

காப்பி எடிட்டிங் என்பது, வல்லுநர் மதிப்பாய்வு முடிந்து வெளியீட்டுக்கு ஏற்கப்பட்ட ஒரு கட்டுரையை, அச்சுக்கோ இணைய வெளியீட்டுக்கோ போகும் முன்னர், மொழி, நடை, மேற்கோள் அமைப்பு, அட்டவணை, படவிளக்கம் ஆகியவற்றில் சீர்செய்யும் பணியாகும். ஆய்வின் தரத்தை எடைபோடுவது மதிப்பாய்வாளரின் பொறுப்பு. ஆசிரியர் சொல்ல வந்தது வாக்கியத்தில் வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது காப்பி எடிட்டரின் பொறுப்பு. பதிப்பகத்துடனான ஒப்பந்தத்தைப் பொறுத்து இப்பணி லைட், மீடியம், ஹெவி என மூன்று நிலைகளில் நடைபெறும். லைட் நிலையில் அப்பட்டமான பிழைகள் மட்டும் களையப்பட, ஹெவி நிலையில் வாக்கியங்களே மாற்றி எழுதப்படும். ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் 'ஹவுஸ் ஸ்டைல்' எனப்படும் தனி நடைவிதித் தொகுப்பு உண்டு என்பதால், ஒரே எடிட்டர் காலையில் ஒரு விதியையும் மாலையில் அதற்கு நேர்மாறான விதியையும் பின்பற்ற வேண்டிவரும்.

தாமே முடிவுசெய்ய இயலாத இடத்தில் எடிட்டர் பக்க ஓரத்தில் ஆசிரியருக்கு ஒரு கேள்வி எழுதிவைப்பார். தொழில் வழக்கில் இது 'ஆதர் கொயரி', சுருக்கமாக 'ஏக்யூ' எனப்படுகிறது. கேள்விகள் மிகுந்தால் ஆசிரியர் சலிப்படைவார், குறைந்தால் பிழை அச்சேறும் என்பதால், எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் திருத்துவது என்று தெரிந்திருப்பதே இத்தொழிலின் பாதித் திறமை எனலாம். கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டிய காலக்கெடு எப்போதும் நெருக்கடியானது. ஒரு தொடரின் மீது எடிட்டர் செலவிடக் கூடியவை சில நொடிகளே. ஆகவே நீண்ட இலக்கண விளக்கத்தைக் காட்டிலும், கை பழகிய ஒரு சோதனை முறையே அவருக்குப் பயன்படுகிறது.

விதியும் சோதனையும்

'டியூ' என்னும் சொல் தமிழ்ப் பேச்சிலும் வேரூன்றியதே. வண்டிக் கடனின் மாதத் தவணையைச் செலுத்துவதை 'டியூ கட்டுவது' என்றே மக்கள் சொல்கின்றனர். ஆங்கிலத்தில் அது அடிப்படையில் பெயரடை, அதாவது ஒரு பெயர்ச்சொல்லுக்கு அடையாக நின்று அதன் தன்மையைக் கூறும் சொல். ஒரு தொகை ஒருவருக்குச் சேர வேண்டியதாக இருப்பதைக் குறித்த அச்சொல், ஒரு விளைவு ஒரு காரணத்தைச் சேர்ந்ததாக இருப்பதையும் குறிக்கத் தொடங்கியபோது, காரணம் சுட்டும் 'டியூ டு' உருவாயிற்று. பெயரடையாகப் பிறந்த காரணத்தால் அதற்குப் பற்றிக்கொள்ள ஒரு பெயர்ச்சொல் வேண்டும் என்பதே மரபான விதி.

'தி டிலே வாஸ் டியூ டு ரெயின்' என்னும் வாக்கியத்தில் 'டிலே', அதாவது தாமதம், எழுவாயாக இருக்கிறது. தாமதம் மழையைச் சேர்ந்தது என்று கூறுவதில் பொருட்குற்றம் ஏதுமில்லை. 'தி டிரெயின் வாஸ் டிலேய்ட் டியூ டு ரெயின்' என்று எழுதினால் எழுவாயாக நிற்பது ரயில். மழையின் விளைவு ரயில் அன்று, அது தாமதப்படுத்தப்பட்டமையே. அந்தக் கருத்து இங்கே வினையில் இருப்பதால், வினையைத் தழுவும் 'பிகாஸ் ஆஃப்' அல்லது 'ஓயிங் டு' இடம்பெற வேண்டும் என்று மரபாளர் கூறுவர். 1906இல் முதற்பதிப்பாக வெளிவந்து இன்று வரை அமெரிக்கப் பதிப்புலகின் முதன்மைக் கையேடாக இருந்துவரும் சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல், கண்டிப்பான மரபுப்படி எழுதுவோருக்கு ஓர் எளிய சோதனையைத் தருகிறது: 'டியூ டு' உள்ள இடத்தில், 'இதற்கு உரியதாகக் கருதத்தக்க' என்னும் பொருளுடைய 'ஆட்ரிபியூட்டபிள் டு' என்னும் தொடரைப் பெய்து பார்த்து, வாக்கியம் நின்றால் 'டியூ டு' சரி, நில்லாவிட்டால் 'பிகாஸ் ஆஃப்' போட வேண்டும். தாமதம் மழைக்கு உரியது என்பது நிற்கும்; ரயில் மழைக்கு உரியதாகத் தாமதப்பட்டது என்பது நில்லாது. விதியின் முழுப் பயனும் இச்சோதனையில் அடங்கிவிடுகிறது.

நூறாண்டு வழக்கு

இவ்விதியை ஆங்கில எழுத்தாளர்கள் அனைவரும் ஒப்புக்கொண்ட காலம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல இயலாது. 1926இல் வெளிவந்த தமது ஆங்கில வழக்கு அகராதியில் ஹென்றி ஃபௌலர், 'டியூ டு' என்பதை 'ஓயிங் டு' போல முன்னிடைச்சொல்லாக, அதாவது ஒரு பெயருக்கு முன் நின்று அதை வினையோடு உறவுபடுத்தும் சொல்லாகக் கையாள்வது படிப்பறிவற்றோர் வழக்கு என்று கடுமையாகவே எழுதினார். வில்லியம் ஸ்ட்ரங்க் தொடங்கிவைத்து, ஈ. பி. ஒயிட் 1959இல் திருத்தி விரித்த சிறு நடைநூலும் வினையோடு சேரும் 'டியூ டு'வைத் தளர்ந்த வழக்கென்றே குறித்தது. இதில் கவனிக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. 'ஓயிங் டு' என்பதும் கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்து, அதே பாதையில் நடந்து முன்னிடைச்சொல்லாக மாறியதே. அது முன்னதாக நடந்து முடிந்துவிட்டதால் யாரும் அதைக் குற்றம் சொல்லவில்லை. பின்னால் வந்த 'டியூ டு' மாட்டிக்கொண்டது.

ஃபௌலரின் நூலை 1965இல் திருத்திப் பதிப்பித்த எர்னஸ்ட் கவர்ஸ், 1957இல் கனடா நாடாளுமன்றத்தில் எலிசபெத் அரசியார் ஆற்றிய உரையிலேயே கண்டனத்துக்குரிய அவ்வழக்கு இடம்பெற்றுவிட்டதை எடுத்துக்காட்டினார். படிப்பறிவற்றோர் வழக்கு எனப்பட்டது அரியணை உரையில் ஏறிய பின்னர் அப்பெயர் அதற்குப் பொருந்தாமற் போயிற்று. 1996இல் மூன்றாம் பதிப்பை உருவாக்கிய ராபர்ட் பர்ச்ஃபீல்ட், இது 21ஆம் நூற்றாண்டின் இயல்பான மொழியில் கலந்துவிடும் என்றும் பூசல் மறக்கப்படும் என்றும் கருதினார். இன்றைய நிலை அவர் கருதியதற்கு மிக அருகில் இருக்கிறது. பெரும்பாலான இதழ்களின் நடைவிதிகள் இதைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை, லைட் நிலைச் செம்மையாக்கத்தில் எடிட்டர் இதைத் தொடுவதும் இல்லை.

மருத்துவ எழுத்து மட்டும் இதற்கு ஒருவகை விலக்காக நிற்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நடைக் கையேடு, 2020இல் வந்த 11ஆம் பதிப்பிலும், 'டியூ டு', 'காஸ்ட் பை' ஆகியவற்றைப் பெயரடைத் தொடர்களாகவும், 'பிகாஸ் ஆஃப்', 'ஓயிங் டு' ஆகியவற்றை வினையடைத் தொடர்களாகவும் பிரித்துக் காட்டுகிறது. உலகெங்கும் பல மருத்துவ இதழ்கள் அக்கையேட்டைப் பின்பற்றுவதால், பிற துறைகளில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்ட இவ்விதி சென்னையின் மருத்துவ இதழ் மேசைகளில் இன்றும் நாள்தோறும் நடைமுறையில் இருக்கிறது.

தேடி மாற்றுவதன் கேடு

விதி உயிரோடிருக்கும் இடத்தில் அதை எந்திரத்தனமாக நிறைவேற்றும் ஆசையும் எழுகிறது. நீண்ட கோப்பு ஒன்றில் 'டியூ டு' பல இடங்களில் வருமானால், அனைத்தையும் ஒரே கட்டளையில் 'பிகாஸ் ஆஃப்' என்று மாற்றிவிட மேக்ரோ ஒன்றை எழுதிவைப்பது புதியவர்களுக்கு இயல்பாகத் தோன்றும். ஆயின் ஒரே உருவில் நிற்கும் இத்தொடர் மூன்று வேறு வேலைகளைச் செய்கிறது. 'தி ரிசல்ட்ஸ் ஆர் டியூ டு பி பப்ளிஷ்ட்' என்பதில் அது காரணம் எதையும் சுட்டாமல், முடிவுகள் விரைவில் வெளியாக இருக்கின்றன என்னும் எதிர்பார்ப்பைக் குறிக்கிறது. இங்கே 'டு' என்பது அடுத்து வரும் வினையோடு சேர்ந்தது. கட்டுரையின் இறுதியில் உள்ள நன்றியுரையில் 'தேங்க்ஸ் ஆர் டியூ டு தி நர்சிங் ஸ்டாஃப்' என்று வருமானால், அது செவிலியருக்கு நன்றி உரித்தாகுக என்னும் பழைய பொருளில் நிற்கிறது. ஒரே கட்டளை ஓடினால் முதல் வாக்கியம் இலக்கணமே இன்றிச் சிதையும். இரண்டாவது, செவிலியர் இருந்ததால்தான் நன்றி என்று பொருளற்றுத் திரியும். 'ரீப்ளேஸ் ஆல்' என்னும் பொத்தானைத் தொடாமல், ஒவ்வோர் இடத்தையும் நிறுத்திப் பார்த்து மாற்றும் பழக்கத்தைப் பயிற்சி மேசைகளில் வற்புறுத்துவது இதனால்தான்.

இவற்றோடு நீக்கியே தீர வேண்டிய சில வடிவங்களும் உண்டு. 'டியூ டு தி ஃபேக்ட் தட்' என்னும் ஐந்து சொற்களின் வேலையை 'பிகாஸ்' என்னும் ஒரு சொல்லே செய்துவிடும். 'தி ரீசன் ஃபார் திஸ் இஸ் டியூ டு' என்பதில் காரணம் இருமுறை சொல்லப்படுகிறது. 'இதற்குக் காரணம் இன்னதன் காரணமாகும்' என்று தமிழில் எழுதினால் எவ்வளவு தடுமாறுமோ அவ்வளவு தடுமாற்றம் அங்கும் உள்ளது.

தமிழிலிருந்து வரும் பழக்கம்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் இத்தொடர் சார்ந்து வரும் பிழைகள் ஓர் ஒழுங்குடன் வருகின்றன. அவ்வொழுங்கு தமிழ் இலக்கணத்திலிருந்தே விளைகிறது. ஏதுப்பொருள், அதாவது காரணப் பொருள், தமிழில் வேற்றுமை உருபின் வழியாகவே எளிதில் வெளிப்பட்டுவிடும். 'மழையால்' என்று பெயரோடு சேர்ந்த 'ஆல்' உருபு, 'மழை பெய்ததால்' என்று வினையிலிருந்து பிறந்த பெயரோடும் அதே எளிமையுடன் சேர்ந்துவிடுகிறது. பின்னதில் முழு வாக்கியமே காரணமாக நின்றாலும் உருபு மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. 'டியூ டு'வுக்குப் பின் பெயர் வரலாமே தவிர, எழுவாயும் பயனிலையும் கொண்ட வாக்கியம் வர இயலாது; வாக்கியம் வர வேண்டுமானால் 'பிகாஸ்' வேண்டும். 'டியூ டு ஹி வாஸ் ஆப்சென்ட்' என்று எழுதுபவர் ஆங்கிலம் அறியாதவர் என்று கருதுவதைவிட, 'அவர் வராததால்' என்று மனத்துள் அமைத்ததை ஆங்கிலச் சொற்களில் இறக்கியவர் என்று கொள்வதே பொருத்தமாகும். திருத்தமும் அப்போது எளிதாகிறது.

சொல்வரிசையும் இதில் பங்கு பெறுகிறது. தமிழில் காரணம் முன்னும் விளைவு பின்னும் வருவதே இயல்பு என்பதால், தமிழர் எழுதும் ஆங்கிலப் பத்திகளில் ஒன்றன்பின் ஒன்றாக வாக்கியங்கள் 'டியூ டு' என்றே தொடங்குகின்றன. தொடக்கத்தில் நிற்கும் காரணத் தொடர் முழு வாக்கியத்தையும் தழுவுவதால் அது பெரும்பாலும் வினையடையாகவே அமைகிறது. எனவே மரபு விதி மீறப்படும் இடங்களுள் மிகுதியானவை வாக்கியத் தொடக்கங்களே. இத்தகைய பத்தியில் தொடரை மட்டும் மாற்றுவதைவிட, விளைவை எழுவாயாக முன்னே கொண்டுவந்து, காரணத்தைப் பின்னே தள்ளி, இரண்டொரு வாக்கியங்களின் வரிசையை மாற்றுவது பத்தி முழுவதையும் தெளிவாக்கும்.

விதி காப்பாற்றாத வாக்கியங்கள்

மேற்கூறியவை அனைத்தும் கற்றுக்கொண்டால் போதுமானவை. எடிட்டரின் உண்மையான வேலை, விதிப்படி குற்றமற்ற வாக்கியத்திலும் பொருள் இரண்டாகப் பிரியும் இடத்தில் தொடங்குகிறது. சிறுநீரகவியல் கட்டுரைகளில் 'அட்மிஷன்ஸ் ஆஃப் பேஷன்ட்ஸ் வித் ரீனல் ஃபெய்லியர் டியூ டு டயபெட்டிஸ்' போன்ற தொடர்கள் வருவதுண்டு. இதில் 'டியூ டு' பெயரையே பற்றி நிற்கிறது. ஃபௌலரே வந்தாலும் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் அது பற்றியிருப்பது எந்தப் பெயரை என்பது விளங்கவில்லை. நீரிழிவினால் சிறுநீரகம் செயலிழந்த நோயாளிகள் ஏதோவொரு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தனர் என்பது ஒரு பொருள். சிறுநீரகச் செயலிழப்பு ஏற்கெனவே உள்ள நோயாளிகள், இம்முறை நீரிழிவின் பொருட்டுச் சேர்க்கப்பட்டனர் என்பது மற்றொரு பொருள். அட்டவணையில் உள்ள எண்ணிக்கை எதைக் குறிக்கிறது என்பதே இதனால் மாறிவிடும். 'நீரிழிவுசார் சிறுநீரகச் செயலிழப்பு' என்று நோய்ப்பெயரை ஒன்றாக்குவதா, 'நீரிழிவுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள்' என்று பிரிப்பதா என்பதை எடிட்டர் ஊகிக்கக் கூடாது. இது ஏக்யூ எழுத வேண்டிய இடம்.

இரண்டாவது வகை எதிர்மறை வாக்கியங்களில் அமைகிறது. 'தி டோஸ் வாஸ் நாட் இன்க்ரீஸ்ட் டியூ டு சைட் எஃபெக்ட்ஸ்' என்பதைத் தமிழில் 'பக்கவிளைவுகள் காரணமாக மருந்தளவு உயர்த்தப்படவில்லை' என்று எழுதினாலும் அதே மயக்கம் தொடர்வதைக் காணலாம். பக்கவிளைவு வந்ததால் மருந்தளவு பழைய நிலையிலேயே விடப்பட்டதா, அல்லது மருந்தளவு உயர்த்தப்பட்டது உண்மை, அதற்குக் காரணம் பக்கவிளைவு அன்றா? எதிர்மறை வினையை மறுக்கிறதா காரணத்தை மறுக்கிறதா என்பதே சிக்கல். 'பிகாஸ் ஆஃப்' என்று மாற்றுவதால் இம்மயக்கம் சிறிதும் நீங்குவதில்லை. காரணத்தை முன்னே நகர்த்தி 'பக்கவிளைவுகள் தோன்றியமையால், மருந்தளவு மாற்றப்படாமல் விடப்பட்டது' என்றோ, 'மருந்தளவு உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குக் காரணம் பக்கவிளைவுகள் அல்ல' என்றோ இரண்டாகப் பிளந்தால்தான் தெளிவு பிறக்கும்.

மூன்றாவது வகை மொழியைத் தாண்டி ஆய்வு முறைக்குள் செல்வது. ஒரு மக்கட்குழுவை நெடுநாள் கவனித்து, காப்பி அருந்துவோரிடம் ஒரு நோய் குறைவாக இருப்பதைக் கண்ட ஆய்வாளர், அந்தக் குறைவு காப்பியினால் நேர்ந்தது என்னும் பொருள்பட 'டியூ டு' போட்டுவிடுவார். அவரது ஆய்வு காட்டியதோ இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதை மட்டுமே. காப்பி அருந்துவோர் வேறு வகையிலும் வேறுபட்டிருக்கக் கூடும். சீட்டுக் குலுக்கியது போலக் குழுக்களைப் பிரித்து நடத்தும் ஆய்வுகளுக்கு மட்டுமே காரண மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழான ஜாமா தன் ஆசிரியர்களுக்கு அறிவுறுத்துகிறது. ஏனைய ஆய்வுகளுக்குத் தொடர்பைச் சுட்டும் 'அசோசியேட்டட் வித்' போன்ற தொடர்களே உரியவை. 'டியூ டு'வை அவ்வாறு மாற்றும்போது எடிட்டர் இலக்கணத்தைத் தொடுவதாகத் தோன்றினாலும், மாறுவது கட்டுரையின் கூற்றே என்பதால், அம்மாற்றம் எப்போதும் ஆசிரியரின் ஒப்புதலுக்காகக் கேள்வியுடனேயே அனுப்பப்படுகிறது.

சான்றிதழில் அச்சான தொடர்

இத்தொடர் எழுதுபவரின் விருப்பத்துக்கு விடப்படாமல், படிவத்திலேயே அச்சிடப்பட்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது இறப்புக் காரண மருத்துவச் சான்றிதழ். 1948இல் ஐசிடி எனப்படும் பன்னாட்டு நோய்ப் பட்டியலின் ஆறாம் திருத்தத்தோடு உலக அளவில் ஏற்கப்பட்ட இதன் அமைப்பை ஒட்டியே, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ், மருத்துவமனை இறப்புகளுக்குப் படிவம் 4உம், வெளியே நேரும் இறப்புகளுக்குப் படிவம் 4ஏயும் இந்தியாவில் வழங்குகின்றன. முதற்பகுதியின் முதல் வரியில் உடனடிக் காரணமும், அதன் கீழ் வரிகளில் அதற்கு முந்தைய காரணங்களும் எழுதப்படுகின்றன. வரிகளுக்கு நடுவே 'டியூ டு, ஆர் ஆஸ் எ கான்சிக்வென்ஸ் ஆஃப்' என்று அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாம் பகுதியில், இறப்புக்குத் துணைநின்ற, ஆனால் அச்சங்கிலியில் சேராத பிற நோய்கள் இடம்பெறும்.

படிவத்தைச் சரியாக நிரப்புவது என்பது அச்சிட்ட அத்தொடரைச் சரியாகப் படிப்பதே ஆகும். முதல் வரியில் வயிற்றுறை அழற்சி, இரண்டாம் வரியில் முன்சிறுகுடற் புண்ணில் துளை விழுதல், மூன்றாம் வரியில் முன்சிறுகுடற் புண் என்று எழுதினால், ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ளதைச் 'சேர்ந்ததாக' இறங்கிச் செல்கிறது. கடைசி வரியில் நிற்பது அடிப்படைக் காரணம், அதாவது இறப்பில் முடிந்த நிகழ்வுத் தொடரைத் தொடங்கிவைத்த நோய். நாட்டின் இறப்புப் புள்ளிவிவரம் இந்த அடிப்படைக் காரணத்தைக் கொண்டே கணிக்கப்படுகிறது. வரிசை தலைகீழானால், புண் துளைக்கும், துளை அழற்சிக்கும் விளைவாகிவிடும். தொடர் இல்லாத உறவைச் சொல்லத் தொடங்கும். 'இதயம் செயலிழந்தது' என்று இறக்கும் விதத்தை மட்டும் எழுதக் கூடாது என்று இந்தியப் படிவமே குறிப்பிட்டிருப்பதற்கும் இதுவே அடிப்படை: எல்லா இறப்பிலும் இதயம் நிற்கிறது, ஆகவே அது எதனால் நின்றது என்னும் வரி வெறுமையாக இருக்கும் சான்றிதழ் எதையும் தெரிவிப்பதில்லை. ஃபௌலர் வற்புறுத்திய பெயரடைப் பொருள், தளர்வேதுமின்றி இன்றும் முழுமையாக வாழ்வது இப்படிவத்தில்தான் என்று கூறலாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயரும் அடுத்த பெயரைச் சார்ந்தது.

குறியீட்டாளரின் கண்

சென்னையில் பரவலாக உள்ள மெடிக்கல் கோடிங் என்னும் தொழிலும் இதே தொடரைச் சுற்றியே பெரிதும் இயங்குகிறது. அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய நோய்க்குறிப்புகளைப் படித்து, நோய்களுக்கு உரிய குறியீட்டு எண்களை இடுவது இத்தொழில். காப்பீட்டுக் கட்டணம் அவ்வெண்களைச் சார்ந்தது. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் ஐசிடி 10 சிஎம் என்னும் பட்டியல் பயன்பாட்டில் உள்ளது. குறிப்பில் 'டியூ டு' என்றோ, அதன் சுருக்கமான 'டி/டி' என்றோ, அதே பொருள் தரும் 'செகண்டரி டு' என்றோ மருத்துவர் எழுதியிருந்தால் காரண உறவு நிறுவப்பட்டதாகக் கொள்ளலாம். இரண்டு நோய்களை அடுத்தடுத்து எழுதிவைத்திருந்தால், பொதுவாகக் குறியீட்டாளர் அவ்வுறவைத் தாமாக ஊகிக்கலாகாது. அறுவைக்குப் பின் வந்த காய்ச்சல் என்பது காலத்தை மட்டும் கூறுகிறது. அறுவையின் சிக்கலாக அதைக் குறிக்க, காரணமும் விளைவும் மருத்துவரின் பதிவில் இணைந்திருக்க வேண்டும்.

இதற்குப் பட்டியலே வகுத்துள்ள விலக்குகளும் உண்டு. பட்டியலில் 'வித்' என்னும் சொல்லால் இணைக்கப்பட்ட நோய்களுக்கு இடையே, மருத்துவர் மறுத்தாலன்றி, காரண உறவு இருப்பதாகவே கொள்ளப்படுகிறது. நீரிழிவும் நாட்பட்ட சிறுநீரக நோயும் அத்தகைய இணை. உயர் ரத்த அழுத்தத்தையும் இதயச் செயலிழப்பையும் இணைக்க, முன்பு 'ரத்த அழுத்தத்தினால்' என்னும் பொருளில் மருத்துவர் எழுதியிருக்க வேண்டியிருந்தது; 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல் அத்தேவையை நீக்கி, உறவை ஊகித்துக்கொள்ளச் சொன்னது. எந்த நோயாளியின் உடலிலும் எதுவும் மாறவில்லை. இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருக்க வேண்டுமா, எழுதப்பட்டதாகக் கொள்ளலாமா என்பதே மாறிற்று, அதனால் இடப்படும் எண் மாறிற்று.

கொரோனாக் காலம் இந்த வேறுபாட்டைப் பொதுமக்களின் வாசலுக்கே கொண்டுவந்தது. நோய்த்தொற்றோடு இறந்தவர், நோய்த்தொற்றினால் இறந்தவர் என்னும் பிரிவு நாளேடுகளில் விவாதிக்கப்பட்டது. நோய்க்கு ஒத்த உடல்நிலை காரணமாக நேர்ந்து, விபத்து போன்ற தெளிவான வேறு காரணம் இல்லாத இறப்பையே கோவிட் 'காரணமான' இறப்பாகக் கொள்ள வேண்டும் என்று 2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. நீரிழிவு போன்ற உடனிருக்கும் நோய்களைச் சான்றிதழின் இரண்டாம் பகுதியில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அவ்வாண்டில் விளக்கியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இறந்தோர் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்க வழிகாட்டுதல் வகுக்கச் சொல்ல, அத்தொகை 50,000 ரூபாய் என முடிவாயிற்று. பரிசோதனையில் தொற்று உறுதியாகி 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பைக் கோவிட் காரணமான இறப்பாகக் கொள்ளலாம் என்று அரசின் வழிகாட்டுதல் கூறியது. சான்றிதழில் நிமோனியா மட்டும் எழுதப்பட்டு, அது எதனால் வந்தது என்னும் வரி வெற்றிடமாக இருந்த குடும்பங்கள், அந்த ஒரு வரியைப் பெற மாவட்டக் குழுவை அணுக வேண்டியிருந்தது.

எடிட்டர் கேட்பவை

இவ்வளவையும் கருத்திற்கொண்டு, 'டியூ டு' உள்ள வாக்கியத்தை எடிட்டர் அணுகும் வரிசையைச் சுருக்கிக் கூறலாம். முதலில், அத்தொடர் காரணம் சுட்டுகிறதா, எதிர்பார்ப்பையோ உரிமையையோ சுட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் எனில், விளைவு வாக்கியத்தின் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கண்டு, அது பெயராயின் தொடரை அதன் அருகே வைத்தும், வினையாயின் இதழின் நடைவிதி கேட்டால் 'பிகாஸ் ஆஃப்' என்று மாற்றியும் அமைக்க வேண்டும். பற்றிக்கொள்ள இரண்டு பெயர்கள் போட்டியிட்டாலும், அருகே எதிர்மறை நின்றாலும், பொருளை ஆசிரியரிடம் கேட்டறிந்து வாக்கியத்தைப் பிளந்து எழுத வேண்டும். இறுதியாக, சொல்லப்பட்ட காரணத்தை ஆய்வு உண்மையில் காட்டியதா என்று முறையியல் பகுதியோடு ஒப்பிட வேண்டும். முதல் இரண்டும் மொழியறிவால் முடிபவை. பின்னிரண்டுக்கு விடை ஆசிரியரிடம் மட்டுமே உள்ளது.

ஆகவேதான் நல்ல எடிட்டரின் கோப்பில் இத்தொடரை ஒட்டி மாற்றங்கள் குறைவாகவும் கேள்விகள் கூர்மையாகவும் காணப்படுகின்றன. 'இவ்விடம் தெளிவில்லை' என்னும் பொதுவான குறிப்பு ஆசிரியரிடமிருந்து பயனுள்ள விடை எதையும் பெற்றுத் தராது. 'நீரிழிவினால் நேர்ந்தது சிறுநீரகச் செயலிழப்பா, மருத்துவமனைச் சேர்க்கையா?' என்று இரண்டையும் எதிரெதிரே வைத்துக் கேட்டால் ஒரு சொல்லில் விடை வரும். விடை வராத நிலையில் காரணத்தைத் தாமே நிரப்பும் உரிமை எடிட்டருக்கும் இல்லை, குறியீட்டாளருக்கும் இல்லை; ஆசிரியர் எழுதியது எழுதியபடி நிற்க, கேட்கப்பட்ட கேள்வியும் கோப்பில் பதிவாகி நிற்க, பக்கம் அடுத்த கட்டத்துக்கு அனுப்பப்படும்.